விண்டோஸ் 11 அப்கிரேடு பாதியில் திரும்பிவிட்டால்: பழைய கம்ப்யூட்டருக்கான முழு வழிகாட்டி

அத்தை மகன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கடையில் இருப்பது 2018-ல் வாங்கிய டெஸ்க்டாப். எட்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததும் 11-க்கு மாறிவிடலாம் என்று உட்கார்ந்தான். கடையைச் சாத்திவிட்டு இரவு எட்டு மணிக்குப் போடுவான். பதினொரு மணிக்கு 'அண்டூயிங் சேஞ்சஸ்' என்று வந்து பழைய விண்டோஸே திரும்ப வந்து நிற்கும். இப்படி மூன்று ராத்திரி. நான்காம் நாள் போன் செய்தான்.

"மச்சான், பேசாம ஃபார்மட் போட்டுடவா?"

"இரு, கடைசியில திரையில என்ன நம்பர் வந்துச்சு?"

"ஏதோ சி, பூஜ்யம், ஒண்ணுன்னு நீளமா வந்துச்சு. அதை யாரு பாத்தா!"

யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களும் அதன் முன்பாதியை மட்டும் கூகுளில் போட்டுத் தேடிவிட்டு, கிடைக்கிற பத்து வைத்தியத்தையும் வரிசையாகச் செய்து பார்க்கிறார்கள். விஷயம் பின்பாதியில் இருக்கிறது. அப்கிரேடு எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பதை அதுதான் சொல்லும். கட்டம் தெரிந்துவிட்டால் பத்து வைத்தியத்தில் எட்டைச் செய்யவே வேண்டியதில்லை.

எழுதும் முறை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். திரையில் இந்தப் பிழை எண்கள் பூஜ்யமும் எக்ஸும் சேர்ந்து தொடங்கும். அந்த இரண்டையும் விட்டுவிட்டு மீதியைத்தான் இங்கே தருகிறேன். நடுவில் 'சி', 'டி', 'எஃப்' என்று வந்தால் திரையில் அந்த ஆங்கில எழுத்து இருக்கும்.

மறுபடி முயல்வதற்கு முன்

விழுந்த அப்கிரேடை அப்படியே இன்னொரு முறை ஓட்டாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், ஒவ்வொரு முயற்சியும் அதன் மேல் பல ஜிபி எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிற வேலை. சாகக் கிடக்கிற டிஸ்க்கை அதுவே முடித்துவைக்கும்.

பழைய விண்டோஸ் திரும்பி வந்திருக்கிறதென்றால் அது நல்ல சேதி. முதல் வேலையாக, முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு எடுத்து வையுங்கள். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றோடு நிறுத்திவிடாதீர்கள். கணக்கு எழுதும் மென்பொருள்கள் பெரும்பாலும் சி டிரைவிலேயே தனி ஃபோல்டர் போட்டு டேட்டாவை வைத்துக்கொள்ளும். ஜிஎஸ்டி பில் எல்லாம் அங்கேதான் இருக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் வசதி. லேப்டாப்பில் நீங்கள் போடாமலேயே 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அது ஓடிக்கொண்டிருக்கலாம். பின்னால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும், போர்டின் சொந்த செட்டிங்ஸ்) ஏதாவது மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அப்போது தேடினால் கை நடுங்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் சாவி அங்கே இருக்கும். காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதே கம்ப்யூட்டரில் அல்ல.

மூன்றாவது கரண்ட். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். லேப்டாப் என்றால் பேட்டரி கொஞ்சமாவது நிற்கிறதா என்று பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் அணைந்துபோகிற லேப்டாப்பும் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பும் ஒன்றுதான்.

இந்த மெஷினுக்கு 11 பொருந்துமா

இதைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். மைக்ரோசாஃப்ட் தருகிற 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறிய கருவியை ஓட்டினால் எது குறை என்று சொல்லிவிடும். பொதுக் கணக்கு இது: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், யுஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்), செக்யூர் பூட் (நம்பகமானதை மட்டும் பூட் ஆக விடும் காவல்), டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் சிப்). தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த ஆரம்ப கால விலையில்லா லேப்டாப்கள் இன்றும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவை இந்தப் பட்டியலுக்குள் வராது. அப்படிப்பட்டவற்றுக்கு என்ன வழி என்று பின்னால் சொல்கிறேன்.

'டிபிஎம் இல்லை' என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். 2018-க்குப் பிந்தைய பல மெஷின்களில் அது இருக்கும், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை ஆன் செய்தால் போதும்.

'செக்யூர் பூட் முடியாது' என்று வந்தால் விஷயம் கொஞ்சம் ஆழமானது. மெஷின் புதிதாக இருந்தாலும், விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் பழைய பழக்கத்தில் லெகசி என்ற பழைய பூட் முறையில், எம்பிஆர் டிஸ்க்கில் போட்டிருப்பார். டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் பழைய முறை எம்பிஆர், யுஇஎஃப்ஐக்கு வேண்டிய புதிய முறை ஜிபிடி. இதற்கு ஃபார்மட் வேண்டாம். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து 'எம்பிஆர் டூ ஜிபிடி' என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. 'டூ' என்பதற்கு 2 என்ற எண்ணைப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சொல்லாக அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் (அட்மின் உரிமையோடு திறந்த, கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல்) அடிக்க வேண்டும். முதலில் 'வேலிடேட்' என்ற ஸ்லாஷோடு ஓட்டிப் பாருங்கள், சரியென்றால் 'கன்வர்ட்'. இரண்டிலும் 'அலவ்ஃபுல்ஓஎஸ்' என்ற ஸ்லாஷையும் சேர்க்க வேண்டும், விட்டால் ஓடாது. டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தாலும் மறுத்துவிடும். மாற்றி முடித்ததும் பயாஸில் லெகசியிலிருந்து யுஇஎஃப்ஐக்கு மாற்றினால்தான் மெஷின் பூட் ஆகும். பலர் இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு, 'டிஸ்க்கே போச்சு' என்று அலறுவார்கள்.

எண்ணின் பின்பாதி

இப்போது முக்கியமான இடம். விண்டோஸ் அப்கிரேடு நான்கு கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டத்தில் பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் ஒரு ஜன்னலில் செட்டப் ஓடும். பொருத்தம் பார்ப்பது, ஃபைல்களை இறக்குவது, பழைய டிரைவர்களை (ஒவ்வொரு சாமானையும் இயக்கும் குட்டி மென்பொருள்கள்) கணக்கெடுப்பது எல்லாம் இங்கே. முதல் ரீஸ்டார்ட் ஆனதும் இரண்டாம் கட்டம். திரை கறுப்பாகிச் சதவீதம் ஓடும். இப்போது ஓடுவது பழைய விண்டோஸும் அல்ல, புதியதும் அல்ல, 'சேஃப் ஓஎஸ்' எனப்படும் ஒரு குட்டி விண்டோஸ். புதிய விண்டோஸை டிஸ்க்கில் விரித்துப் போட்டு, பழைய டிரைவர்களை அதற்குள் ஏற்றுவது இதன் வேலை. அடுத்த ரீஸ்டார்ட்டில் மூன்றாம் கட்டம். புதிய விண்டோஸ் முதல்முறை தானே எழுந்து, போர்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். நான்காம் கட்டத்தில் உங்கள் கணக்கு, செட்டிங்ஸ், மென்பொருள்கள் புதிய இடத்துக்கு வந்து சேரும்.

பிழை எண்ணில் ஹைஃபனுக்குப் பிறகு வரும் பகுதியின் முதல் இலக்கம்தான் இந்தக் கட்டம். அத்தை மகன் மறுநாள் போட்டோ எடுத்து அனுப்பியது சி1900101 - 20017. பின்பாதி 2-ல் தொடங்குகிறது, ஆக இரண்டாம் கட்டம். கடைசி இரண்டு இலக்கம் அப்போது நடந்துகொண்டிருந்த வேலை. 17 என்றால் பூட். புதியதை விரித்துப் போட்டாகிவிட்டது, எழுந்திருக்கும் நேரத்தில் ஏதோ ஒரு டிரைவர் காலை வாரிவிட்டது. 0சி என்று முடிந்தால் ஃபைல்களை விரிக்கும்போதே சிக்கல். 0டி என்றால் தரவை இடம் மாற்றும்போது.

திரையில் தெரியும் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். '35-ல் நின்றது', '71-ல் நின்றது' என்பதைவிட, நிற்பதற்கு முன் எத்தனை தடவை ரீஸ்டார்ட் ஆனது என்பது பல மடங்கு உபயோகமான தகவல்.

எண்ணைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்களா? விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பு முதல், அப்கிரேடு தோற்றால் செட்டப் தானாகவே 'செட்டப்டயக்' என்ற கருவியை ஓட்டி அறிக்கை எழுதி வைக்கிறது. சி டிரைவ், விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் லாக்ஸ், அதற்குள் செட்டப்டயக். உள்ளே 'ரிசல்ட்ஸ்' என்று முடியும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்து 'ஃபெய்லியர்' என்று தேடுங்கள். பல நேரம் எந்த டிரைவர், எந்த மென்பொருள் என்று பெயரோடு சொல்லியிருக்கும். இந்த ஒரு ஃபைலைத் திறந்து பார்க்காமல் ஃபார்மட் போடச் சொல்கிற சர்வீஸ்காரரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி.

முதல் கட்டத்தில் விழுந்தால்

இங்கே விழுவது பெரும்பாலும் சில்லறைக் காரணம். 80070070 என்றால் இடம் இல்லை. சி டிரைவில் 20 ஜிபி குறைந்தபட்சம், 30 இருந்தால் நிம்மதி. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதோடு நிற்காமல், 'டிஸ்க் கிளீனப்'பில் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அழுத்தி, முந்தைய முயற்சியின் தற்காலிக ஃபைல்களையும் அழியுங்கள். சி1900107 என்றால் போன முயற்சியின் மிச்சம் இன்னும் துடைக்கப்படவில்லை. ஒரு ரீஸ்டார்ட், ஒரு டிஸ்க் கிளீனப். சி1900200 என்றால் மெஷின் தகுதிப் பட்டியலில் இல்லை. சி1900208 என்றால் பொருந்தாத மென்பொருள் ஒன்று வழி மறிக்கிறது.

இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ (முழு விண்டோஸும் அடங்கிய ஒரே ஃபைல்) 5 ஜிபிக்கு மேல். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று ரேஷனில் வருகிற டேட்டாவில் இதை இறக்கினால் எங்காவது ஒரு இடத்தில் அறுந்து, ஃபைல் கெட்டுப்போகும். நல்ல இணையம் இருக்கும் இடத்தில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து முழு ஐஎஸ்ஓவை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்துகொண்டு காப்பி செய்யுங்கள்.

கம்ப்யூட்டரின் தேதியையும் ஒருமுறை பாருங்கள். ஏழெட்டு வருட போர்டில் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோய், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னோக்கி ஓடிவிடும். தேதி தப்பென்றால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் அப்டேட்டே இறங்காது. அந்தப் பேட்டரியை வாட்ச் கடையிலும் வாங்கலாம்.

இரண்டாம் கட்டம்: டிரைவர்களின் பேய்கள்

பழைய கம்ப்யூட்டர்கள் அதிகம் விழுவது இங்கேதான். சி1900101 என்ற முன்பாதி வந்தால் பத்துக்கு ஒன்பது டிரைவர் விவகாரம் என்று எடுத்துக்கொள்ளலாம். இதைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்யுங்கள். எளிதானதிலிருந்து கடினமானதற்குப் போகும் வரிசை இது.

முதலில் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பிரின்டர், ஸ்கேனர், வெப்கேம், கார்டு ரீடர், புளூடூத் டாங்கிள், இரண்டாவது மானிட்டர், வெளி டிஸ்க், எல்லாம். கீபோர்டும் மவுஸும் மட்டும் போதும். உள்ளே இரண்டாவது ஹார்ட் டிஸ்க் இருந்தால் மெஷினை அணைத்து அதன் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

அடுத்து ஆன்டிவைரஸ். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் அல்லாமல் வேறு எது இருந்தாலும் நீக்க வேண்டும். 'டிஸேபிள்' போதாது, அதன் டிரைவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் நீக்கிய பிறகும் மிச்சம் இருக்கும் என்பதால், அந்தந்தக் கம்பெனியே தரும் நீக்கும் கருவியையும் ஓட்டுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த வேட்டை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' போடுங்கள். இப்போது மெஷினில் இல்லாத, ஆனால் எப்போதோ ஒருநாள் செருகிய சாமான்கள் எல்லாம் மங்கலாகத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் வைத்திருந்த டேட்டா கார்டு, செத்துப்போன பிரின்டர், கல்யாண ஆல்பம் காப்பி செய்ய யாரோ கொண்டுவந்த கார்டு ரீடர். இவற்றின் டிரைவர்களையும் அப்கிரேடு கணக்கில் எடுத்துக்கொள்ளும். மங்கலாக இருப்பதையெல்லாம் நீக்க வேண்டாம், விண்டோஸுக்கே உரிய சிலவும் அப்படித்தான் தெரியும். வெளியிலிருந்து வந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தவற்றை மட்டும், 'டிரைவரையும் நீக்கு' என்ற கட்டத்தை டிக் செய்து எடுங்கள்.

அத்தை மகன் கடையில் மாட்டியது இங்கேதான். 2009-ல் வாங்கிய ஒரு பில்லிங் மென்பொருள், முந்தைய கம்ப்யூட்டரிலிருந்து இதற்கும் மாற்றிப் போட்டிருந்தான். அது ஓட ஒரு யுஎஸ்பி டாங்கிள் வேண்டும், மென்பொருளுக்குச் சாவி மாதிரி செருகி வைக்கும் துண்டு. டாங்கிளைப் பிடுங்கச் சொன்னேன், பிடுங்கினான், ஆனாலும் நான்காவது முறையும் விழுந்தது. டாங்கிள் வெளியே போனாலும் அதன் டிரைவர் உள்ளே இருந்ததே! செட்டப்டயக் அறிக்கையில் அந்த டிரைவரின் பெயர் அப்பட்டமாக இருந்தது. மென்பொருளையும் டாங்கிள் டிரைவரையும் நீக்கிவிட்டுப் போட்டதும் ஒரே ஓட்டத்தில் ஏறிவிட்டது. இப்படிக் காப்பு டாங்கிள் வைத்த கணக்கு, டிடிபி, ஜாதக மென்பொருள் எதுவாக இருந்தாலும் சந்தேகப் பட்டியலில் முதலில் வையுங்கள். நீக்கும் முன், புதிய விண்டோஸில் ஓடும் பதிப்பு கிடைக்குமா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது பயாஸ் அப்டேட். உங்கள் மாடல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டுப் பார்த்து, புதியது இருந்தால் ஏற்றலாம். இதன் நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். அதனால் மேலே சொன்ன மூன்றும் பலிக்காதபோது மட்டும், யுபிஎஸ் இருந்தால் மட்டும்.

மூன்றாம், நான்காம் கட்டம்

3-ல் தொடங்கும் பின்பாதி என்றால் புதிய விண்டோஸ் எழுந்துவிட்டது, சாமான்களை அறிமுகம் செய்துகொள்ளும்போது தடுக்கியிருக்கிறது. 3000டி என்றால் டிஸ்ப்ளே டிரைவர் மேல் சந்தேகம் வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் டிரைவரை நீக்கினால் திரை 'பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற பொது டிரைவரில் ஓடும். எழுத்துகள் பெரிதாக, அசிங்கமாகத் தெரியும், பரவாயில்லை. அந்த நிலையிலேயே அப்கிரேடை ஓட்டுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்ட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் நீக்கிய டிரைவரை விண்டோஸ் அப்டேட் அக்கறையாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் என்றால், போர்டிலேயே டிஸ்ப்ளே இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டு முயலலாம்.

4-ல் தொடங்கினால் கரையேறும் நேரத்தில் கவிழ்ந்த கதை. 4000டியில் டிரைவரைச் சந்தேகிப்பதோடு, யூசர் கணக்குகளையும் பாருங்கள். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு', அதற்குள் 'யூசர் ப்ரொஃபைல்ஸ்'. அங்கே 'அக்கவுண்ட் அன்நோன்' என்று இருந்தால் எப்போதோ நீக்கிய கணக்கின் எலும்புக்கூடு அது. எடுத்துவிடுங்கள். பிறகு 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு மற்றவற்றையெல்லாம் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து அந்தச் சுத்தமான நிலையில் ஓட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத 100 எம்பி

'சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை' என்று ஒரு செய்தி வரும். சில நேரம் 800எஃப்0922 என்ற எண்ணோ சி1900104 என்ற எண்ணோ கூட வரும். சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கும்போது இடமில்லை என்று சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். அது சொல்வது சி டிரைவை அல்ல. டிஸ்க்கின் தொடக்கத்தில், டிரைவ் எழுத்தே இல்லாத ஒரு குட்டிப் பகுதி இருக்கிறது. பல மெஷின்களில் வெறும் 100 எம்பி. பூட் ஆவதற்கான ஃபைல்கள் அங்கே இருக்கும். பழைய மெஷின்களில் ஆன்டிவைரஸும், தயாரிப்பாளரின் பயாஸ் காப்புகளும் அங்கே போய் நிரப்பி வைத்திருக்கும். அப்கிரேடுக்கு அதில் 15 எம்பி இருந்தால் போதும்.

இடம் பிடிக்க எளிய வழி, அங்கே இருக்கும் ஃபான்ட் ஃபைல்களை அழிப்பது. பூட் திரையில் வேறு வேறு மொழி எழுத்துகளைக் காட்ட வைத்திருப்பவை. மைக்ரோசாஃப்டே சொல்லித் தரும் வழிதான் இது. ஜிபிடி டிஸ்க்குக்கு இப்படி:

அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறங்கள். 'மவுண்ட்வால்' என்ற கட்டளை, இடைவெளி, ஒய் எழுத்தும் கோலனும், இடைவெளி, ஸ்லாஷ் எஸ். என்டர். அந்த மறைந்த பகுதிக்கு ஒய் என்ற எழுத்து கிடைத்துவிட்டது. ஒய் கோலன் அடித்து என்டர் தட்டி உள்ளே போங்கள். பிறகு 'சிடி' கட்டளையால் ஈஎஃப்ஐ, அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் பூட், அதற்குள் ஃபான்ட்ஸ் என்று வரிசையாக இறங்குங்கள். 'டெல்' கட்டளை, இடைவெளி, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். ஆமாம் என்று ஒய் அடித்தால் முடிந்தது.

நட்சத்திரக் கட்டளையை அடிக்கும் முன், நிற்கும் இடம் ஃபான்ட்ஸ் ஃபோல்டர்தானா என்று இடப்பக்கம் தெரியும் பாதையை இரண்டு தடவை படியுங்கள். ஒரு படி மேலே நின்று அடித்தால் மெஷின் பூட் ஆகாது. ரீஸ்டார்ட் செய்ததும் ஒய் எழுத்து தானாகப் போய்விடும்.

டிஸ்க்கும் ரேமும் பொய் சொல்லும்போது

ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணோடு, வேறு வேறு இடத்தில் விழுகிறதா? அப்படியென்றால் விண்டோஸைத் திட்டாதீர்கள், சாமானைப் பாருங்கள். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவசக் கருவி டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். நீலத்தில் 'குட்' இருந்தால் சரி. மஞ்சளில் 'காஷன்' இருந்தால், 'ரீஅலொகேட்டட்', 'பென்டிங்' ஆகிய வரிகளின் எண்ணைப் பாருங்கள். டிஸ்க்கில் படிக்க முடியாமல் போன இடங்களின் கணக்கு அது. பென்டிங் பூஜ்யமாக இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் அப்கிரேடு வேண்டவே வேண்டாம். டேட்டாவை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வாங்குங்கள். ரேமுக்கு விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது, ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். கேபினெட்டைத் திறந்து ரேமைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகுவது பழைய வைத்தியம்தான், ஆனால் கேலி செய்யாதீர்கள். எனக்கு இரண்டு மெஷின் அதிலேயே பிழைத்திருக்கிறது.

டிஸ்க் நன்றாக இருந்தால் பழைய விண்டோஸின் ஃபைல்களைச் சரிபாருங்கள். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் முதலில் 'டிஸ்ம்', இடைவெளி, ஸ்லாஷ் ஆன்லைன், இடைவெளி, ஸ்லாஷ் கிளீனப் ஹைஃபன் இமேஜ், இடைவெளி, ஸ்லாஷ் ரெஸ்டோர்ஹெல்த். இதற்கு இணையம் வேண்டும். அது முடிந்ததும் 'எஸ்எஃப்சி', இடைவெளி, ஸ்லாஷ் ஸ்கேன்நவ். பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். எஸ்எஃப்சி தனக்கு வேண்டிய நல்ல ஃபைலை எடுக்கும் கிடங்கைச் சரிசெய்வதே டிஸ்ம்தான், அதனால் இந்த வரிசை.

மறுபடி ஓட்டும்போது

விண்டோஸ் அப்டேட் வழியாக வேண்டாம். ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் செய்தால் ஒரு டிரைவ் போலத் திறக்கும். உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். முதல் திரையிலேயே 'செட்டப் அப்டேட்களை இறக்கும் முறையை மாற்று' என்று சிறிய எழுத்தில் ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தி 'இப்போது வேண்டாம்' என்று கொடுங்கள். நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். 'ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்' என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு இன்ஸ்டால் அழுத்துங்கள்.

பிறகு பொறுமை. எஸ்எஸ்டி இல்லாத மெஷினில் ஒரே சதவீதத்தில் முக்கால் மணி நேரம் நிற்பது சாதாரணம். கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை பவர் பட்டன் பக்கம் கை போகக் கூடாது. 'நின்றுபோச்சு' என்று அணைத்துத்தான் பாதி மெஷின்கள் என் கைக்கு வருகின்றன.

பழையதும் வரவில்லை, புதியதும் வரவில்லை என்றால்

அணைத்து விட்டீர்கள், இப்போது கறுப்புத் திரை. விண்டோஸ் லோகோ வரும்போது பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரை வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்', அதற்குள் கடைசி 'ஃபீச்சர் அப்டேட்டை' நீக்கும் வழி. பலிக்காவிட்டால் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'.

அந்தத் திரையே வரவில்லையென்றால் வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் 'மீடியா கிரியேஷன் டூல்' கொண்டு பூட் டிரைவ் செய்து, அதிலிருந்து எழுப்புங்கள். இங்கே ஒரு கைவேலை சொல்கிறேன். ஃபைல்களை எடுக்காமல் விட்டவர்களுக்கு உயிர் காக்கும். செட்டப் திரையில் ஷிஃப்டும் எஃப்10-ம் அழுத்தினால் கமாண்ட் ப்ராம்ப்ட் வரும். அதில் 'நோட்பேட்' என்று அடியுங்கள். நோட்பேடில் 'ஃபைல்', 'ஓப்பன்', கீழே 'ஆல் ஃபைல்ஸ்'. அந்தச் சிறிய ஜன்னலே இப்போது உங்கள் ஃபைல் எக்ஸ்ப்ளோரர். வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, இன்னொரு பென்டிரைவில் பேஸ்ட் செய்யலாம். முன்னேற்றம் காட்டாது, விளக்கு நிற்கும்வரை காத்திருங்கள்.

எப்போது விட்டுவிடுவது

மெஷின் தகுதிப் பட்டியலில் இல்லை, ஆனாலும் 'ரூஃபஸ்' போன்ற கருவியால் பரிசோதனைகளைத் தாண்டி 11 ஏற்றலாம் என்று நிறைய வீடியோக்கள் சொல்கின்றன. ஏறும். ஆனால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது, அடுத்த பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் நீங்களே இந்தக் கூத்தை ஆட வேண்டும். சொந்த லேப்டாப்பில் விளையாடிப் பாருங்கள், கடையின் பில் ஓடும் மெஷினில் வேண்டாம். கோர் 2 டுவோ காலத்து மெஷின் என்றால் விளையாடவும் முடியாது. 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்ஈ4.2, பாப்கவுண்ட் என்ற புராசஸர் கட்டளைகள் கட்டாயம். அவை இல்லாத சிப்பில் எந்தத் தந்திரத்துக்கும் அந்தப் பதிப்பு எழுந்திருக்காது.

அப்படிப்பட்டவற்றில் விண்டோஸ் 10-ஐயே கொஞ்ச காலம் ஓட்ட, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் ஈஎஸ்யூ திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இணையம் பார்க்க, டைப் அடிக்க மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போடலாம். 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும், தமிழ் தட்டச்சும் உள்ளேயே இருக்கிறது. தகுதியான மெஷின்தான், ஆனால் இரண்டு முறை முறையாகச் செய்தும் விழுகிறது என்றால், அப்போது எஸ்எஸ்டி வாங்கிப் புதிதாக நிறுவுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றி மேசை டிராயரில் வையுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஏறிய பிறகு

பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற பெயரில் 10 நாள் இருக்கும். பிடிக்கவில்லையென்றால் செட்டிங்ஸில் 'ரெக்கவரி' போய் 'கோ பேக்' கொடுத்துத் திரும்பிவிடலாம். அந்தப் பத்து நாளில் ஃபோல்டரை அழிக்காதீர்கள். எல்லா பிரின்டரிலும் ஒரு தாள் எடுத்துப் பாருங்கள், ஸ்கேனர், பில், நெட் பேங்கிங், தமிழ் எழுத்துரு என்று அன்றாடம் தொடுகிற ஒவ்வொன்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அத்தை மகன் ஆறாம் நாள்தான் கண்டுபிடித்தான், ஐடி கார்டு அடிக்கும் பழைய பிரின்டருக்கு 11-ல் டிரைவரே இல்லை என்று. 10-க்கான டிரைவரை 'கம்பேட்டிபிலிட்டி' முறையில் போட்டதும் ஓடியது. ஓடாமல் போயிருந்தால் இன்னும் நான்கு நாள் கையில் இருந்தது.